மாலைக்கு முன்னால் டாக்டர்

மகனுக்கு 22 வயது. ஆன்லைன் ரம்மியில் ஏகப்பட்ட கடன். செயினை அடகு வைத்து அடைத்துவிட்டால் இனி தொடமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். – தண்டையார்பேட்டை வாசகி

செயினைக் கழற்றாதீங்கம்மா. அவன் சத்தியம் பொய்யில்லை. ஆனால் கடன் மொத்தமாகத் தீர்ந்த அன்றைக்கே, 'விட்டதை மட்டும் எடுத்துடலாம்' என்று மனசு கணக்குப் போடும். இரண்டு பேரும் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மறைத்த கடன் ஒன்று இரண்டாம் நாள்தான் வெளியே வரும். திட்டாமல் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் நீங்கள் நேரில் கட்டுங்கள். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. இன்னும் எங்கேயோ ஆடுகிறான் என்றால், ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்க ஆளில்லை. 'செத்துடலாம்போல இருக்கு' என்று ஒரு வார்த்தை வந்தால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

அண்ணன் காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிறான். தினமும் இரண்டு குவார்ட்டர். கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு, குடியை ஒரேயடியாக விடப்போகிறானாம். நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் முதலில் டாக்டர். தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் மறுநாளே கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் இல்லாத எறும்பைத் தட்டிவிடுவார்கள். சாமி வந்துவிட்டது என்று வீட்டில் கற்பூரம் ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன்! உயிர் போகிற விஷயம் அது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ காட்டுங்கள். சில நாள் மருந்து கொடுத்து உடம்பைப் பழக்குவார்கள். அப்புறம் போடட்டும் மாலை. குருசாமியும் கூட்டமும் பெரிய பலம்தான். மாலை கழற்றும் அன்று சாயங்காலம் அண்ணன் எங்கே, யாரோடு இருப்பான் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

நண்பன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமோ என்று பயம். – வியாசர்பாடி

சிகிச்சை கேட்பது குற்றமில்லை, கூடப் போங்கள். மாத்திரை வாய்க்குச் செய்தது. கரையாத மாவு ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி இரண்டும் தொற்றலாம். தட்டியும் எழாமல், மூச்சு இழுத்து இழுத்து வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ கூப்பிடுங்கள்.

கேரம் போர்டில் டீ பந்தயம் கட்டினாலும் சூதாட்டமா சார்? – கொருக்குப்பேட்டை

டீயோடு நின்றால் ஆடுங்கள். தோற்ற டீயை மீட்க வேலைக்கு லீவு போட்டால் மறுபடி எழுதுங்கள்.