மாடிக்கு அனுப்புங்கள்!

கேள்வி: கோடை விடுமுறை விட்டதிலிருந்து என் பிள்ளைகள் டி.வி., செல்போனை விட்டு நகர்வதில்லை. பிடுங்கி வைத்தால் 'போர் அடிக்குது' என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிடுங்குவதை விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். திருச்சி வெயிலில் வடாம் போடாமல் இருக்கலாமா? முதல் நாள் இரவே ஜவ்வரிசியை ஊறவையுங்கள். விடியற்காலையில் பச்சரிசி மாவோடு கூழாகக் கிளறி, பச்சை மிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம் சேருங்கள்; ஆறியதும் எலுமிச்சைச் சாறு. அடுப்பு வேலை உங்களுடையது. பழைய வேட்டியை விரித்து அச்சில் பிழிவது பிள்ளைகளுடையது. கோணலாக வரட்டும், பெயர் எழுதட்டும், மீன் வரையட்டும். பொரித்தால் எல்லாமே வடாம்தான்.

எதிர்வீட்டுப் பாட்டியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயம் கூப்பிடுங்கள். தனியாகப் பிழிந்தால் அது வெறும் வேலை. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் இன்று ஒரு வீட்டு மாடி என்றால் நாளை அடுத்த வீட்டு மாடி. காக்கா விரட்டும் எங்களுக்குக் கூலி, பாதி காய்ந்த வடாம். அந்த ருசிக்கு ஈடாக நான் இன்றுவரை எதையும் சாப்பிட்டதில்லை.

காவல் நேரத்துக்குப் பல்லாங்குழி. 14 குழி, கொஞ்சம் புளியங்கொட்டை போதும். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் வட்டம் போடலாம். குழியில் 4 காய் சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுவதைப் பாட்டி சொல்லித்தரட்டும்.

மாலையில் வேட்டியைத் திருப்பிப்போட்டுத் தண்ணீர் தெளித்தால் வடாம் உரிந்து வரும். மறுநாளும் காயவையுங்கள். அப்புறம், பங்கு பிரித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பிள்ளைகளாகவே இருக்கட்டும்.