ரஸ்ட்ல கார்கோ செக் போதுமா, கார்கோ பில்ட் எப்போ போடணும்?

புதுசா ரஸ்ட் புரோகிராமிங் மொழி கத்துக்கறவங்க நிறைய பேர் ஒரு வரி மாத்தினாலே கார்கோ பில்ட் (ரஸ்டோட கார்கோ டூல்ல புரோகிராம முழுசா உருவாக்குற கமாண்ட்) போட்டுட்டு காத்துட்டு இருக்காங்க, அது தேவையே இல்லங்க. கார்கோ செக் போடுங்க, டைப் சரியா இருக்கா, பாரோ விதி (ஒரு டேட்டாவ யார் எப்போ கடனா வாங்கி பயன்படுத்தலாம்ங்கற ரஸ்ட் விதி) எதுவும் மீறியிருக்கா எல்லாத்தையும் பார்த்துடும், மெஷின் கோட் உருவாக்குற வேலைய மட்டும் விட்டுடும், அதான் சீக்கிரம் முடியுது.

ஒரு ஸ்ட்ரிங்க வேற வேரியபிளுக்கு கொடுத்துட்டு பழைய பேர்லயே பிரிண்ட் பண்ணீங்கன்னா அந்த ஸ்ட்ரிங் ஏற்கனவே புது வேரியபிளுக்கு போயிடுச்சுங்கறதால இ0382னு (E0382) எரர் வரும். அந்த நம்பர ரஸ்ட்சி எக்ஸ்ப்ளெயின் (rustc --explain) கமாண்ட்ல கொடுத்தா உதாரணத்தோட விளக்கம் வரும், கண்டிப்பா படிங்க, நான் பாதி ரஸ்ட் கத்துக்கிட்டதே அதுலதான்.

ஓட்டிப் பார்க்க கார்கோ ரன். வேகம் அளக்கணும்னா ரிலீஸ் ஆப்ஷனோட (--release) பில்ட் பண்ணுங்க, சாதா பில்ட்ல வேகத்துக்கான ஆப்டிமைசேஷன் இருக்காது, அத வச்சு ரஸ்ட் ஸ்லோன்னு முடிவு பண்ணாதீங்க ப்ளீஸ். டிஸ்க் ரொம்பிடுச்சுன்னா கார்கோ க்ளீன் போடுங்க, பில்ட் பண்ணி சேர்ந்த ஃபைல்கள அழிச்சுடும்.