ஃபேன் வைக்கச் சொன்னது ஒரு துறை, அடைக்கச் சொல்வது இன்னொரு துறை: யாருக்குக் கட்டுப்படுவது?

கேள்வி: பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் வாடகை ஷெட்டில் குரோம் பிளேட்டிங் பட்டறை நடத்துகிறேன். 26 பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த தொழிற்சாலை ஆய்வாளர், உள்ளே புகை தங்குகிறது, எக்ஸாஸ்ட் வசதி செய்யுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். சுவரில் நான்கு ஃபேன் வைத்தேன். போன மாதம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்தவர்கள், அந்த ஃபேன்கள் வழியாக அமிலப் புகை வெளியேறுகிறது, அவற்றை அடைக்காவிட்டால் பட்டறையை மூட உத்தரவு வரும் என்று கன்னடத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். இருவரும் அரசாங்கம்தான். நான் யார் சொல்வதைக் கேட்பது? தொழிற்சாலை லைசென்ஸ் கையில் இருக்கும்போது வாரியம் மின்சாரத்தைத் துண்டிக்க முடியுமா?

பதில்: துண்டிக்க முடியும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 33ஏ பிரிவும், 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 31ஏ பிரிவும் வாரியத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கின்றன. மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். வாரியத்தின் கடிதத்தோடு பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) ஊழியர் வாசலில் வந்து நிற்கும்போது தொழிற்சாலை லைசென்ஸைக் காட்டிப் பயனில்லை. அதனால் நோட்டீசில் குறித்திருக்கும் தேதிக்குள் உங்கள் எழுத்துப் பதில் போய்ச் சேர வேண்டும். கன்னடத்தில் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். நன்றாகக் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

ஒரு சட்டம் கொடுத்த லைசென்ஸ் இன்னொரு சட்டத்துக்கு ஏன் கேடயமாகாது? நீர்ச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும் காற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், வேறு சட்டங்களோடு முரண் வந்தால் தாங்களே மேலோங்கும் என்று சொல்கின்றன. ஹைதராபாத்தின் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளின் அருகே எண்ணெய் ஆலை கட்ட முயன்றவர்களிடம் மற்ற அனுமதிகள் இருந்தன. வாரியத்தின் ஒப்புதல் மட்டும் கிடைக்கவில்லை. 1999-லும் 2000-லும் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் வாரியத்தின் பக்கமே நின்றது. வேறு துறைகளின் தாள்களை அடுக்கிவைத்து வாரியத்தின் ஒப்புதலை ஈடுகட்ட முடியாது.

ஆனால் 60-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை ஆய்வாளரிடம் போய், “உங்கள் சட்டம் தோற்றுவிட்டது” என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்படவே முடியாத நிலை இருந்தால்தான் அந்தப் பிரிவுக்கு வேலை. உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு நிலையே இல்லை. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 14-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். தீங்கான புகை எழும் இடத்தில் எக்ஸாஸ்ட் கருவி தேவைப்பட்டால், அந்தப் புகை பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் அதைப் பொருத்த வேண்டும், அந்த இடத்தையும் முடிந்தவரை மூடிவைக்க வேண்டும் என்றது அது. சுவர் ஃபேன் என்ற பேச்சே அதில் இல்லை. ஆய்வாளர் எக்ஸாஸ்ட் என்று எழுதினார். கடைக்காரர் கையில் இருந்த ஃபேனைக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் சுவரை உடைத்து மாட்டினார். வாரியம் வேண்டாம் என்று சொல்லும் அந்த ஃபேன், தொழிற்சாலைச் சட்டம் கேட்டதும் அல்ல.

ஏன் என்பதை உங்கள் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். குரோம் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் சுமார் 10 முதல் 20 சதவீதம்தான் பொருளின்மேல் உலோகமாகப் படிகிறது. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகப் பொங்கி வருகிறது. ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து வெடிக்கும்போது குரோமிக் அமிலத்தைப் பொடித் துளிகளாகத் தூக்கிவிடுகிறது. சுவரில் இருக்கும் ஃபேன் அந்தத் துளிகளைத் தொட்டியிலிருந்து தன் பக்கம் இழுக்கும் வழியில் யார் நிற்கிறார்? ஜிக்கை (பொருள்களை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டத்தை) தூக்கி இறக்கும் ஆள்தான். இதே பகுதியில் ஒரு பட்டறையில், ஃபேனுக்கு வெளிப்புறச் சுவரில் மஞ்சளும் பழுப்புமாக ஒழுகிய கறை தரைவரைக்கும் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். உள்ளே வேலை செய்த பையனின் விரல் முட்டியில் ஓரம் தடித்த சின்னக் குழிப்புண். கையுறை இருந்ததா என்று கேட்டேன். இருக்கிறது, ஜிக் வழுக்குகிறது என்று கழற்றிவிட்டேன் என்றான். அந்தப் புண்ணுக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது: தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தகவல் தெரிவித்தாக வேண்டிய தொழில்நோய்களில் குரோம் புண்ணும் ஒன்றாக இருந்தது.

செய்ய வேண்டியது இது. தொட்டியின் இரண்டு நீள விளிம்புகளிலும் இழுவாய் (புகையை உறிஞ்சும் வாய்) வைத்து, பிவிசி குழாய் வழியாக ஈர ஸ்க்ரப்பருக்கு (புகையைத் தண்ணீரால் கழுவும் கருவிக்கு) கொண்டுபோய், அங்கே கழுவிய காற்றைக் கூரைக்கு மேல் புகைக்குழாயில் விடுங்கள். குழாயின் உயரம் வாரியம் தந்த ஒப்புதல் ஆணையின் நிபந்தனைகளில் இருக்கும். தொட்டியின் மேல் மிதக்கும் பிளாஸ்டிக் உருண்டைகளைப் போட்டால் எழும் துளியே குறையும். குறைந்த செலவு, நாளையே செய்யலாம். ஃபேன் இருந்த ஓட்டைகளில் தொட்டிக்கு எதிர்ப்புறம் உள்ளவற்றைப் புதுக் காற்று உள்ளே வரும் வழியாக மாற்றுங்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கேட்ட காற்றோட்டம் அதில் கிடைத்துவிடும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஸ்க்ரப்பரில் சேரும் தண்ணீரும் குரோமியத் தண்ணீர்தான். அது சாக்கடைக்குப் போகக் கூடாது, அலசிய தண்ணீரோடு சேர்ந்து ஈடிபிக்கு (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புக்கு) போக வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த கதையை இந்த ஊரில் தொழில் செய்யும் எல்லோரும் அறிவோம்.

உண்மையான உரசல் வருவது இடப் பற்றாக்குறையில்தான். ஸ்க்ரப்பர், ஈடிபி தொட்டி, அதில் மிஞ்சும் கசடு மூட்டை எல்லாம் அதே ஷெட்டுக்குள் வரும்போது நடைபாதை அடைபடும். ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேல் உள்ள உயரம் கணக்கில் வராது. புதிய இயந்திரம் சேர்ப்பதை ஆலை விரிவாக்கமாகக் கருத வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவின் விளக்கம் சலுகை தந்தது. ஆனால் இயந்திரத்தைச் சுற்றிப் பாதுகாப்பாக வேலை செய்யும் இடம் குறையக் கூடாது, நீராவி, வெப்பம், புகை கூடக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இடம் குறைந்தால் வரைபடத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். கசடு அபாயகரக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மாதம் ஒருமுறை அனுப்பிவிட்டால் நடைபாதைத் தகராறு பாதி தீரும்.

ஆகவே ஒரே வரைபடம் போடுங்கள். தொட்டி, இழுவாய், குழாய், ஸ்க்ரப்பர், புகைக்குழாய், ஈடிபி, கசடு வைக்கும் இடம், நடைபாதை எல்லாம் அதில் இருக்கட்டும். தொழிற்சாலைத் துறைக்கு ஒன்று, வாரியத்துக்கு வேறொன்று என்று தனித்தனியாகக் கொடுக்கும் பழக்கம்தான் பல பட்டறைகளைச் சிக்கவைக்கிறது. ஆள் எண்ணிக்கை, குதிரைத்திறன், மாத உற்பத்தி மூன்றும் இரண்டு துறைத் தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொழிலாளர் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் மின்சக்தி உள்ள இடத்தில் 20 பேர், இல்லாத இடத்தில் 40 பேர் என்று தொழிற்சாலை வரம்பு உயர்ந்திருக்கிறது. ஆளைக் குறைத்துக்கொண்டால் தப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உங்களிடம் 26 பேர். அதோடு மாசுச் சட்டங்கள் தலையை எண்ணுவதில்லை; ஒருவரை வைத்து முலாம் பூசினாலும் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். காற்றோட்டம், புகை நீக்கம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய கடமைகள் புதிய தொகுப்பிலும் முதலாளியின்மேல்தான் இருக்கின்றன.

இந்த இரண்டு துறைகளும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரத் தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் அபாயகரத் தொழில்களின் பட்டியலில் மின்முலாம் பூசும் தொழில் இருந்தது. அத்தகைய ஆலைகளுக்கு இடம் ஆராயும் குழுவில் தலைமை ஆய்வாளரோடு மாசு வாரியப் பிரதிநிதிக்கும் இடம் இருந்தது.

இப்போது உங்கள் பதில் கடிதம். ஃபேன்களை எந்த ஆய்வுக் குறிப்பின்பேரில் வைத்தீர்கள் என்று தேதியோடு எழுதி, அந்தக் குறிப்பின் நகலை இணையுங்கள். பழியைத் தள்ளும் தொனி வேண்டாம். ஸ்க்ரப்பருக்கான விலைப்புள்ளி, வேலை முடியும் தேதி, வரைபடம் மூன்றையும் சேர்த்து, கால அவகாசம் கேளுங்கள். நகலைப் பன்னேர்கட்டா சாலையில் உள்ள தொழிற்சாலைத் துறைக்கும் அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழ் உத்தரவே வந்துவிட்டால், 30 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு மேல்முறையீடு போக வேண்டும்.

நோட்டீசுக்குப் பயந்து நாளை காலை ஃபேன்களைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு, குரோம் தொட்டியை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே நிற்பவர்களின் மூக்குக்குள்தான் அது அத்தனையும் போகும். ஸ்க்ரப்பர் வரும்வரை குரோம் தொட்டியை நிறுத்துங்கள், நிக்கல் வேலையை வேண்டுமானால் வாரியத்திடம் கேட்டுக்கொண்டு நடத்துங்கள். இந்த வாரமே 26 பேரையும் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போய் கைகளையும் மூக்கின் நடுத்தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.