தண்ணீர் வரும் நேரம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. வகுப்புகள் சேப்பாக்கத்தில். ஹாஸ்டல் கிடைக்கவில்லை. எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம், சென்னையில் யாரையும் தெரியாது. முதல் ஒரு மாதம் அம்மாவும் வந்து கூட இருப்பதாகச் சொல்கிறார். ஏழு ஏரியாக்களை எடுத்து வாடகை, தூரம், பாதுகாப்பு என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒரு எக்ஸெல் தயாரித்திருக்கிறேன், இணைத்துள்ளேன். பழைய வண்ணாரப்பேட்டையும் ராயபுரமும்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் நண்பர்கள் "நார்த் மெட்ராஸா? வேண்டாம்டா" என்கிறார்கள். நீங்கள் படிக்கும்போது அங்கே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஏரியாவா சார்? அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பனைமரத்தொட்டிப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு, நான் மூன்று வருடம் குடியிருந்த வீட்டு வழியாக வந்தேன். வாசலில் அடிபம்பு இருந்த பள்ளத்தை மூடி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு ஸ்கூட்டி நிற்கிறது. அந்த நினைப்பிலேயே வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் உங்கள் எக்ஸெல்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். புரோக்கர் ஒரு மாத வாடகை கேட்பார், கொடுத்துத்தான் ஆகவேண்டும். அட்வான்ஸ் பத்து மாதம் என்பது இந்த ஊர் வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. கூடவே, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்று ஒரு வாலும் அதற்கு உண்டு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் பத்து மாதம் வாங்குகிறார்கள். பேசிப் பாருங்கள், குறைப்பார்கள். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, உயர்நீதிமன்றம், சென்ட்ரல், அடுத்தது அரசினர் தோட்டம். இறங்கி வாலாஜா சாலையில் கடலைப் பார்த்து நடங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் இன்னும் பக்கம்தான், ஆனால் ஆண்பிள்ளைகள் மட்டும் தங்குகிற அந்த இடத்தில் அம்மாவை எங்கே தங்கவைப்பீர்கள்? அதை விடுங்கள்.

இப்போது அந்த எக்ஸெல். வியாசர்பாடிக்குப் பாதுகாப்பில் 3, அண்ணா நகருக்கு 9. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு நின்று பார்த்துவிட்டுப் போட்டீர்கள்? பர்மாவிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர்கள் குடியேறிப் பிழைத்த இடம் அது. சந்துக்குச் சந்து பையன்கள் பந்து உதைக்கிற இடம். சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, நாலு சினிமாவில் அரிவாளைப் பார்த்துவிட்டு, மூன்று மார்க் போடுகிறீர்கள். உங்கள் ஊரைப் பற்றியும்தான் சினிமாவில் அரிவாள் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு சென்னைக்காரர் உங்கள் தெருவுக்கு மூன்று போட்டால் சும்மா இருப்பீர்களா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. உங்கள் நண்பர்களுக்கு அந்த ஸ்டேஷன் எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது தெரியுமா?

குறை இல்லை என்று சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மறித்துக்கொண்டு நிற்கும். காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து நாற்றம் ராத்திரியில் வீட்டுக்குள் வரும். மழை என்றால் சுரங்கப்பாதைகளை நம்பக்கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர்க்காரர்கள் பட்ட பாட்டை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இதற்கெல்லாம் மார்க் குறைத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் உங்கள் அட்டவணையில் இது எதற்கும் கட்டம் இல்லை. தண்ணீருக்கும் இல்லை.

தண்ணீருக்குக் கட்டம் போடாமல் சென்னையில் வீடு தேடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் இருந்த வீட்டில் கீழே ஐந்து போர்ஷன், மொட்டைமாடியில் என் அறை. வீட்டுக்காரம்மாவை எல்லோரும் ஆயா என்போம். குழாயில் அழுத்தம் இல்லாததால் வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி பம்பைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். அதற்குள் இறங்கி நின்றுதான் அடிக்கவேண்டும். முதல் நாள் நான் வெறுமனே அடித்துக்கொண்டே இருந்தேன், பம்பு இருமியது. ஆயா மேலே நின்று பார்த்துவிட்டு, "இன்னா நைனா, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா? ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு அடி. வெறும் பம்பை அடிச்சா தோளுதான் போவும்" என்றது. ஊற்றினேன். உள்ளே தோல் வாசர் ஊறி, கைப்பிடி கனத்து, நாலாவது அடியில் தண்ணீர் வந்தது.

1993 கோடையில் எங்கள் தெருவில் அதுவும் நின்றது. லாரி வரும் நாளுக்கு முந்தைய ராத்திரியே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். என் பச்சைக் குடத்தை இதே ஆயா காலால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைத்ததும் உண்டு, நான் கத்தியதும் உண்டு. இரண்டு நாள் பேச்சு இல்லை. ஆனால் பரீட்சை நாட்களில் விடிந்து கீழே வந்தால் என் இரண்டு குடமும் நிரம்பி, ஈயத்தட்டு போட்டு மூடி, படிக்குக் கீழே இருக்கும். யார் பிடித்து வைத்தது என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

பிறகு நானும் உங்களைப் போல "நல்ல ஏரியா"வுக்குப் போனேன். தெற்கே, மரங்கள் உள்ள தெரு. வீட்டுக்காரர் முதலில் என்ன ஆளுங்க என்று கேட்டார். இரண்டாவது, விருந்தாளி வருவார்களா என்று கேட்டார். மோட்டார் சுவிட்ச் அவர் படுக்கையறைக்குள் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் காற்று வரும். ஒருமுறை அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். முகத்தில் சோப்போடு நின்றவருக்காக நான் கீழே போய்க் கதவைத் தட்டி ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். கொடுத்தார், "இது பழக்கமாகிவிடக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. ஆறாவது மாதம் காலி செய்தேன். உங்கள் கணக்கில் அந்தத் தெருவுக்கு 9.

அதனால் வீடு பார்க்க மத்தியானம் போகாதீர்கள். மத்தியானத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும், புரோக்கருக்கு இது தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவில் போய் நில்லுங்கள். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், தினம் வருகிறதா, எத்தனை மணிக்கு, தரைக்கடித் தொட்டியான சம்ப் இருக்கிறதா, அது எத்தனை போர்ஷனுக்குப் பொது, மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது என்று வாசல் தெளிக்கிறவர்களிடம் கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். கடலோரத்தில் உப்பு இருக்கத்தான் செய்யும், எவ்வளவு என்பதுதான் விஷயம். சோப்பு நுரைக்காவிட்டால் ஆறு மாதத்தில் தலைமுடி போய்விடும், எனக்குப் போனது. பக்கத்துக் குழாயில் யாராவது மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்களா என்று காது கொடுங்கள். உறிஞ்சினால் தெருவில் சண்டை நடக்கும், ஐந்தரைக்குள் தெரிந்துவிடும். அந்தச் சண்டையில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தபிறகு உங்கள் பாதுகாப்புக் கட்டத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தெரியாத ஊர், காலங்கார்த்தாலே அலையவைக்க வேண்டாம் என்று அவரை லாட்ஜில் விட்டுவிட்டுத் தனியாகப் போகாதீர்கள். கரிசல்காட்டில் குடம் சுமந்தவராகத்தான் இருப்பார். நீங்கள் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்லிவிடுவார்.