வேலூர் மாவட்டத்தில் மனைவியிடம் அடிவாங்கும் ஆண்கள் எத்தனை சதவீதம்? ப்ராஜெக்டுக்கு வேண்டும். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சமமாக அடிவாங்குவதாக நண்பர் ஒரு கணக்கு காட்டினார். குடியாத்தம் பக்கம் நானே போய்க் கேட்கவும் இருக்கிறேன்.

நீங்கள் தேடும் எண் தேசியக் குடும்பநல ஆய்வில் கிடையாது. குடும்ப வன்முறைக் கேள்விகளை அதில் பெண்களிடம் மட்டும்தான் கேட்கிறார்கள், ஆண்களிடம் கேட்பதே இல்லை. அறிக்கையில் ஆண்களுக்கு எண் இல்லாததைப் பூஜ்யம் என்று ப்ராஜெக்டில் எழுதிவிடாதீர்கள்.

அந்த ஆய்வின் 2019-21 சுற்றில் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்ன 18-49 வயதுத் திருமணமான பெண்கள் இந்தியாவில் 29.3%, தமிழ்நாட்டில் 38.1%. மாவட்ட அறிக்கையில் இது வராது, அதனால் வேலூருக்கென்று தனி எண் தேடி அலைய வேண்டாம்.

நண்பர் காட்டிய "ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சமம்" என்ற கணக்கு அநேகமாக அமெரிக்காவுடையது. அங்கே 2010-இல் இரு பாலரிடமும் கேட்டார்கள்: துணையால் வல்லுறவு, அடி உதை, பின்தொடர்தல் இவற்றில் ஏதாவது ஒன்று வாழ்நாளில் நடந்ததாகச் சொன்னவர்கள் பெண்கள் 35.6%, ஆண்கள் 28.5%. ஒரு தள்ளு, ஓர் அறைகூட இதில் சேரும். கடுமையான தாக்குதலை மட்டும் பாருங்கள், 24.3%, 13.8% என்று இடைவெளி விரிகிறது. எந்த எண்ணை எடுத்தாலும் யாரிடம், எதை, எந்தக் காலத்துக்குக் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், குடியாத்தம் பக்கம் நீங்களே கேட்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். திண்ணையில் மடியில் முறத்தோடு பீடி சுற்றுகிற அக்காவிடம் மாமியார் காதில் விழக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் வரும், ராத்திரி அந்த அக்காவுக்கு அடியும் விழலாம். தனியாகப் பேச இடமில்லை என்றால் கேட்காதீர்கள். 181 மகளிர் உதவி எண்ணைக் கையில் வைத்திருங்கள்.