சீனப் பெருஞ்சுவர் எதற்காக, எப்படிக் கட்டப்பட்டது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சீனப் பெருஞ்சுவரை எப்படிக் கட்டினார்கள்? மங்கோலியர்களும் மஞ்சூக்களும் உள்ளே வந்துவிட்டார்களே, பிறகு அதனால் என்ன பயன்? கட்டியவர்களின் உடல்களைச் சுவருக்குள்ளேயே புதைத்தார்கள் என்பது உண்மையா?"

முதலில் ஒரு திருத்தம். சீனப் பெருஞ்சுவர் என்பது ஒரே சுவர் அன்று. 2012-இல் சீன அரசு வெளியிட்ட அளவீட்டின்படி எல்லாக் காலத்துச் சுவர்களையும் அகழிகளையும் சேர்த்தால் 21,196 கி.மீ. வருகிறது. அதில் மிங் அரசமரபின் (1368–1644) பங்கு மட்டும் 8,851 கி.மீ.; அதிலும் மனிதர் எழுப்பிய சுவர் சுமார் 6,259 கி.மீ.தான், எஞ்சியவற்றில் பெரும்பகுதி மலையும் ஆறுமாகிய இயற்கை அரண். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் நுழைந்தபோது, நாம் படங்களில் காணும் செங்கல் சுவர் கட்டப்படவே இல்லை. எனவே "சுவர் இருந்தும் மங்கோலியர் வந்துவிட்டார்கள்" என்னும் வாதம் இந்தச் சுவருக்குப் பொருந்தாது.

சுவர் கட்டும் பழக்கம் பேரரசுக்கும் முற்பட்டது. சீ, சூ, வெய், யான், சாவோ, சின் ஆகிய நாடுகள் ஒன்றோடொன்று போரிட்ட காலத்தில் அண்டை நாட்டுக்கு எதிராகவே பல சுவர்கள் எழுந்தன. கி.மு. 221-இல் நாட்டை ஒன்றாக்கிய முதல் பேரரசர் சின் சி ஹுவாங், உள்நாட்டுச் சுவர்களை இடிக்கச் செய்து, வட எல்லைச் சுவர்களை இணைக்கும் பணியைத் தளபதி மெங் தியானிடம் ஒப்படைத்தார். 3 லட்சம் வீரர்களோடு வடக்கே சென்ற அவர், சியோங்னு மேய்ப்பர்களை மஞ்சளாற்றின் பெருவளைவிலிருந்து விரட்டிவிட்டுச் சுவரெழுப்பினார். இதனால் எல்லைச் சுவர் புல்வெளிக்கு நடுவே சென்று நின்றது. தற்காப்பு என்று மட்டும் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடித்த நிலத்தைப் பிடித்தபடியே வைத்திருக்கும் வேலியும் இதுதான்.

கட்டிய முறை எளியது, ஆனால் உடலை முறிக்கும் உழைப்பு. கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் அடிப்பதுபோல் இருபுறமும் பலகைகளை நிறுத்தி, நடுவே ஈரப்பதமான மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்பார்கள். ஒரு படை இறுகியபின் அதன்மேல் அடுத்த படை. வடசீனத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் நுண்மண் இதற்கென்றே அமைந்தது போன்றது. செங்கல்லைத் தொலைவிலிருந்து சுமந்து வரவேண்டும். மண் காலடியிலேயே கிடக்கிறது.

மண்ணும் சரியில்லாத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதைத் வடமேற்குச் சீனத்தின் துன்ஹுவாங்குக்கு மேற்கே, யூமென் வாயில் அருகே உள்ள, சின் மரபை அடுத்து வந்த ஹான் மரபின் காலச் சுவரில் நேரில் பார்த்தேன். ஒரு படை நாணல், அதன்மேல் ஒரு படை மணலும் கூழாங்கல்லும், மறுபடியும் நாணல். 2,000 ஆண்டுகளுக்குப் பின்னும் நாணல் தண்டுகளின் நுனிகள் சுவரின் முகத்திலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன; குனிந்து பார்த்தால் தண்டின் உட்குழல்கூடத் தெரிகிறது. நிலத்தடி நீரின் உப்பும் பாலையின் வறட்சியும் சேர்ந்து அவற்றை மட்காமல் காத்திருக்கின்றன. காவல் கோபுரத்தின் அருகே, அபாயத் தீ மூட்டுவதற்காக அன்றைய வீரர்கள் அடுக்கிவைத்த நாணல் கட்டுகள் எரிக்கப்படாமலேயே இறுகிக் கிடக்கின்றன. அவற்றின் எதிரே நெடுநேரம் நின்றிருந்தேன்.

அந்தத் தீயில்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை இருக்கிறது. சுவர் மட்டும் எந்தப் படையையும் நிறுத்தாது. செய்தியையும் காலத்தையும் அது ஈட்டித் தந்தது. பகலில் புகை, இரவில் தீ. மிங் கால விதிப்படி பகைவர் நூறு பேர் என்றால் ஒரு புகையும் ஒரு வேட்டும், ஐந்நூறு என்றால் இரண்டு, ஆயிரத்துக்கு மேல் மூன்று, ஐயாயிரத்துக்கு நான்கு, பத்தாயிரத்துக்கு ஐந்து. ஹான் காலத்தில் சுவரை ஒட்டி மணலைச் சீராகப் பரப்பி வைத்து, "வானவயல்" என்று பெயரிட்டு, நாள்தோறும் காலடித் தடம் தேடினார்கள். அந்தச் சோதனைக் குறிப்புகள் ஜுயான் பகுதியில் ஆயிரக்கணக்கில் கிடைத்த மரச்சில்லு ஆவணங்களில் உள்ளன.

அந்தத் தடங்கள் உள்ளே வந்தவனுடையவை மட்டும் அல்ல. கி.மு. 33-இல் சியோங்னு தலைவர் ஹுஹான்யே, "எல்லையை நானே காக்கிறேன், உங்கள் காவற்படையை விலக்கிக்கொள்ளுங்கள்" என்று ஹான் பேரரசரிடம் கேட்டார். எல்லை நிலவரம் அறிந்த ஹோ யிங் என்னும் அதிகாரி அதை மறுத்துப் பத்துக் காரணங்களை அடுக்கினார். முன்னர்ப் படையெடுத்துச் சென்று திரும்பாதவர்களின் வறிய பிள்ளைகள் உறவினரைத் தேடி ஓடிவிடுவார்கள். துயரத்தில் வாழும் எல்லைப்புற அடிமைகள், அப்பால் வாழ்வு இனிது என்று கேள்விப்பட்டு ஓடப்பார்க்கிறார்கள். கள்வர்கள் நெருக்கடி வந்தால் வடக்கே தப்புவார்கள் என்பன அவற்றுள் சில. பேரரசரும் ஹுஹான்யேவுக்கு, இந்த அரண்கள் வெளியாருக்காக மட்டும் அல்ல, எம் நாட்டுத் தீயவர் வெளியே போய்த் தீங்கு செய்யாமல் தடுக்கவும்தான் என்று பதில் அனுப்பினார். சுவரின் நோக்கத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிட வெளிப்படையான சான்று வேறில்லை. வெளியிலிருந்து வருவோரைத் தடுத்த அளவுக்கு, உள்ளிருப்போரைப் பிடித்து வைக்கவும் சுவர் பயன்பட்டது.

இனி மிங் சுவர். 1449-இல் துமு என்னுமிடத்தில் மங்கோலியத் தலைவன் எசன், மிங் பேரரசரையே சிறைப்பிடித்தான். அதன்பின் புல்வெளிக்குள் படையெடுக்கும் துணிவு குறைந்து, சுவர் கட்டும் கட்சியின் கை ஓங்கியது. 1474-இல் யூ சிஜுன் என்னும் அதிகாரி, மஞ்சளாற்றுப் பெருவளைவுக்குள் அடங்கிய ஓர்டோஸ் நிலத்தின் விளிம்பில் நெடிய மண்சுவர் எழுப்பினார். 1482-இல் அதைத் தாண்டி வந்த கொள்ளையர் திரும்ப வழியின்றி அகப்பட்டுத் தோற்றார்கள். குதிரைவீரன் சுவரேறி வந்துவிடலாம். குதிரையையும் ஓட்டிப்போகும் மாடுகளையும் சுவரேற்ற முடியாது.

1550-இல் அல்தான் கான் பெய்ஜிங்கின் புறநகர் வரை வந்து சூறையாடிய பிறகே செங்கல் வேலை பெருகியது. தெற்கே கடற்கொள்ளையரை ஒடுக்கிய சி சிகுவாங் 1568-இல் வடக்கே அனுப்பப்பட்டார். வெயிலிலும் பனியிலும் வெட்டவெளியில் நிற்கும் வீரர்களையும், வெடிமருந்து வைக்க இடமில்லாத நிலையையும் கண்டு, உள்ளே அறைகள் கொண்ட கோபுரங்களை ஆயிரத்துக்கும் மேல் கட்டுவித்தார். அவற்றில் சில, பெய்ஜிங்குக்கு வடகிழக்கே உள்ள ஜின்ஷான்லிங்கில் இன்றும் நிற்கின்றன. அங்கே பல செங்கற்களில் ஆண்டும், செய்த படைப்பிரிவின் பெயரும் அச்சாகப் பதிந்துள்ளன. வன்லி ஆட்சியின் 6-ஆம் ஆண்டு, அதாவது 1578, என்று பதிந்த ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தபோது, வேலை தரம் குறைந்தால் யாரைக் கேட்பது என்று அன்றே குறித்து வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது.

பயன் இருந்ததா என்றால், ஓரளவு. மிங் எல்லையில் நீண்ட அமைதியைத் தந்தது 1571-இல் அல்தான் கானுடன் செய்த உடன்படிக்கையும் அதையொட்டித் திறந்த குதிரைச் சந்தைகளும். துணியும் பிற பொருள்களும் விலைக்குக் கிடைத்தபோது கொள்ளையடிக்கும் தேவை குறைந்தது. 1644-இல் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சூக்கள், சுவர் கடலைத் தொடும் இடத்தில் உள்ள ஷான்ஹாய்குவான் கோட்டைவாயிலை இடித்து நுழையவில்லை. பெய்ஜிங் கிளர்ச்சியாளர் கையில் விழுந்தபின் தளபதி வூ சான்குய் அவர்களோடு கைகோத்து வாயிலைத் திறந்துவிட்டார்.

மூன்றாவது, உடல்கள். சுவருக்குள் புதைக்கவில்லை என்றே சொல்வேன். இடித்துக் கெட்டித்த மண்ணுக்குள் ஓர் உடல் மட்கினால் அங்கே வெற்றிடம் உண்டாகி, நீர் புகுந்து, சுவர் அமிழ்ந்துவிடும். அனுபவமுள்ள எந்தக் கட்டுநரும் அதற்கு ஒப்பமாட்டார். ஆனால் வேலைத்தளங்களில் மக்கள் திரளாக மாண்டதில் ஐயமில்லை. கி.மு. 210-இல் சாகுமாறு ஆணை பெற்ற மெங் தியான், பத்தாயிரம் லி தூரம் சுவரெழுப்பியபோது பூமியின் நாடிகளை அறுத்ததே தன் குற்றம் என்றாராம். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அந்தச் சுவரை நேரில் பார்த்துவந்த வரலாற்றாசிரியர் சிமா சியான் அதை ஏற்கவில்லை: போரின் காயம் ஆறாத மக்களின் உழைப்பை அற்பமாக எண்ணிச் செலவழித்தவருக்கு அந்த முடிவு தகும், இதில் பூமியின் நாடிக்கு என்ன வேலை என்று கேட்டார்.