அரசுக் கல்லூரியா, கடன் வாங்கித் தனியாரா? கேள்வி பதில்

வங்கியில் பதினேழு வருடம் கல்விக்கடன் மேசையில் இருந்தவன் நான். பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து பலரும் கேட்கிறீர்கள், அதனால் இங்கேயே பதில் எழுதுகிறேன். எந்தக் கல்லூரியில் பேராசிரியர்கள் நன்றாக நடத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பணக் கணக்கைக் கேளுங்கள்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி கணிதம் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். செலவே இல்லை என்கிறார்களே, உண்மையா சார்? (விழுப்புரம் பக்கம், ஒரு தாய்)

பெரும்பாலும் உண்மைதான் அம்மா. அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று வருடத்துக்குச் சில ஆயிரம் வரும். உங்கள் மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பலருக்குப் பணம் தாமதமாவது அதனால்தான்.

ஆனால் தங்குவதும் சாப்பிடுவதும் இலவசம் இல்லை. தினமும் போய்வரும் தூரம் என்றால் கவலை இல்லை. அறை எடுத்துத் தங்குவதாக இருந்தால் அந்தச் செலவு கல்லூரிக் கட்டணத்தைப் போல் பல மடங்கு ஆகிவிடும். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு அதற்கும் விண்ணப்பம் போடுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: கட்டணம், விடுதி, பேருந்து, புத்தகம், மடிக்கணினி எல்லாவற்றையும் படிப்பு முடியும்வரை கணக்குப் போட்டு ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்தக் கல்லூரியையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

தனியார் பொறியியல் கல்லூரியில் வருடம் ஒன்றரை லட்சம் ஆகும். கடன் கிடைக்கும் என்கிறார்கள். படித்து முடித்தபின் கட்டினால் போதும்தானே? (நாமக்கல், பெயர் வேண்டாம்)

என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படி நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். தவணை காத்திருக்கும், வட்டி காத்திருக்காது.

கணக்கைப் பாருங்கள். வருடம் 1.5 லட்சம், நான்கு வருடம், மொத்தம் 6 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், இதைத்தான் மாரட்டோரியம் என்பார்கள். அந்த ஐந்து வருடத்தில், முதலில் வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தனிவட்டியாகவே 2.1 லட்சம். ஆக, உங்கள் மகன் முதல் தவணை கட்டும் நாளில் கடன் 8.1 லட்சம். பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 10,700 ரூபாய், மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 12.85 லட்சம். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 8,700தான், ஆனால் மொத்தம் 15.6 லட்சத்தைத் தாண்டும்.

முதல் சம்பளம் 22,000 வரும் பையனுக்கு 10,700 ரூபாய் தவணை என்றால், சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை கொடுத்துவிட்டு அவன் எதைச் சாப்பிடுவான்? இதை நினைத்துத்தான் எனக்கு இன்னமும் மனசு கனக்கிறது. நானே கையெழுத்துப் போட்டு அனுமதித்த கடன்களில் சில அப்படித்தான் வாராக்கடன் ஆயின. பையன்கள் நாணயமானவர்கள், கணக்குதான் தப்பு.

முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். அப்போது பத்து வருடத் தவணை 7,900 அளவில் நிற்கும், மொத்தத்தில் ஒன்றேகால் லட்சம் மிச்சம்.

பிணை இல்லாமல் எவ்வளவு கடன் கிடைக்கும்?

7.5 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது, பெற்றோர் உடன்கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டமும் இருக்கிறது, ஆனால் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு உண்டா அண்ணா?

இல்லை தம்பி. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வந்தால்தான். வீட்டில் அண்ணன் அக்கா யாராவது ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தாலும் கிடைக்காது.

மகன் அரசுப் பள்ளி, கட்-ஆஃப் 148. பொறியியலே வேண்டாமா?

அவன் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் உங்கள் கணக்கே வேறு. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். தனியார் கல்லூரியில் இடம் வந்தாலும் அப்படித்தான். கடன் படிவத்தைத் தொடாதீர்கள், கலந்தாய்வில் கலந்துகொள்ளுங்கள்.

நீங்கள் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள் சார். நான் கடன் வாங்கித் தனியாரில்தான் படித்தேன், இன்று மென்பொருள் துறையில் இருக்கிறேன். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி படித்து எந்த வேலைக்குப் போவது? (சென்னை, மென்பொருள் பணியாளர்)

உங்களுக்கு அது நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம். ஆனால் கடனை அடைத்து மீண்டவர்கள் மட்டுமே இப்படிப் பேச முன்வருகிறார்கள். அடைக்க முடியாதவர்கள் பேசுவதில்லை, அவர்களை நான் மேசையின் இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன்.

பி.எஸ்சி கணிதமோ பி.சி.ஏவோ அரசுக் கல்லூரியில் முடித்து, டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ போனால் அது இரண்டே வருடம். மொத்தம் ஐந்து வருடம், பொறியியலைவிட ஒரு வருடம் கூடுதல். அந்த ஒரு வருடச் சம்பளத்தை இழக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு எதிரில் 12.85 லட்சத்தை வையுங்கள். குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு, யு.பி.எஸ்.சி எல்லாம் ஏதாவது ஒரு பட்டம்தான் கேட்கின்றன.

(அதே நபர்) வளாக நேர்காணல் அரசுக் கல்லூரிக்கு வருமா? எங்கள் கல்லூரியில் 90 சதவீதம் வேலைவாய்ப்பு.

எந்த நூறு பேரில் தொண்ணூறு? வேலைக்குப் பதிவு செய்தவர்களிலா, சேர்ந்த மொத்த மாணவர்களிலா? இதைக் கேட்காமல் யாரும் அந்த எண்ணை நம்பாதீர்கள். விளம்பரத்தில் வரும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. நடுமதிப்புச் சம்பளம்தான் தேவை. அதாவது, பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். என்.ஐ.ஆர்.எஃப் என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த நடுமதிப்பையும், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதையும் கொடுத்தாக வேண்டும், தங்கள் தளத்திலும் போட வேண்டும். தேடி எடுங்கள், பத்து நிமிட வேலை. அந்த நடுமதிப்பைப் பன்னிரண்டால் வகுத்து, மாதத் தவணையோடு பக்கத்தில் எழுதுங்கள்.

நீங்கள் சொன்னதில் ஒன்று சரி. சிறு ஊர் அரசுக் கல்லூரிக்கு நிறுவனங்கள் அதிகம் வருவதில்லை. வேலையை மாணவரே தேட வேண்டியிருக்கிறது. இதை மறைக்க மாட்டேன்.

நானும் சொல்கிறேன். அரசு கலைக் கல்லூரியில் படித்தேன், ஐந்து வருடம் போட்டித் தேர்வு எழுதினேன், சம்பளமே இல்லை. அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது? (மதுரை)

இங்கே வந்த கேள்விகளிலேயே நேர்மையான கேள்வி இது. தேர்வுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் ஒரு வருடச் சம்பளம். தாளில் அதையும் எழுத வேண்டும், நான் மேலே விட்டது என் தவறு. படிக்கும்போதே தேர்வு எழுதத் தொடங்குங்கள், இரண்டு வருடம் என்று ஒரு எல்லை வையுங்கள், அதுவரை பகுதிநேர வேலையாவது பாருங்கள். உங்கள் ஐந்து வருடம் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்து வருபவருக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில், தனியாரில் கணினி. எது?

கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, பர்கூர் மாதிரி அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் ஆயிரங்களில் முடியும். கடனே இல்லாமல் வெளியே வரலாம். சிவில் அவனுக்குப் பிடிக்குமா என்று மகனைக் கேளுங்கள். பிடிக்காத பாடத்தில் தோற்ற தாள்களும் செலவுதான்.

மாரட்டோரியம் முடியும்வரை வட்டி கிடையாதுதானே?

மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள். வட்டி உண்டு.

கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு?

உண்டு, எட்டு வருடம் வரை, பழைய வரிமுறையில் மட்டும்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்தது, கட்டணம் மட்டும் ஏன் அதிகம்?

சுயநிதிப் பிரிவில் சேர்த்திருப்பார்கள். வெளியே பலகை ஒன்றுதான், உள்ளே பிரிவு இரண்டு. ரசீதில் என்ன பிரிவு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சார், வட்டி உடனே ஏறுமா?

ஏறும். மூன்றாவது முறை சொல்கிறேன், ஏறும். வங்கி கொடுக்கும் கடன் பணம் முதல்முறை கல்லூரிக்குப் போன நாளிலிருந்து.

சார், மகள் அடுத்து என்ன செய்ய வேண்டும்? (விழுப்புரம் தாய், மறுபடியும்)

இன்றே இணையத்தில் விண்ணப்பியுங்கள் அம்மா, 50 ரூபாய்தான். கணிதத்தோடு இரண்டாவது விருப்பமாக கணினி அறிவியலையும் போடுங்கள். அசல் சான்றிதழ்களை நகலெடுத்து வீட்டில் ஒரு தொகுதி வையுங்கள். எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.